கிருமியின் பெயரும் ஆஸ்பத்திரிக் குறிப்பும்

டில்லியில் அரவிந்தர் மார்க்கத்தின் ஒரு புறம் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம். நேர் எதிரே சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. மாலை வேளையில் இவ்விரண்டின் வாயில்களிலிருந்தும் வெளிவரும் கூட்டத்தைச் சற்று நின்று கவனித்தால் ஒரு காட்சி தவறாமல் தென்படும். நோயாளியை ஒருவர் கைத்தாங்கலாக அழைத்து வருவார். உடன் வரும் மற்றொருவரின் தோளில் ஒரு துணிப்பை தொங்கும். எக்ஸ்ரே படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள், எல்லாவற்றிற்கும் மேலே மடித்து வைத்த டிஸ்சார்ஜ் சீட்டு ஆகியவை அதற்குள் இருக்கும். ராமகிருஷ்ணபுரத்திலோ, கரோல்பாக்கிலோ, மயூர் விஹாரிலோ குடியிருக்கும் நம்மவர் வீடுகளிலும் அத்தகைய பை ஒன்று அலமாரியின் மேல் தட்டில் இல்லாமல் இராது. ஊருக்குப் புறப்படும்போது கிராண்டு டிரங்க் எக்ஸ்பிரஸில் அதுவும் நம்முடன் ஏறுகிறது.

அந்தப் பையில் உள்ள சீட்டுகளுள் நாம் கருத்துடன் படிப்பது மருந்துச் சீட்டு ஒன்றைத்தான். காலையில் எத்தனை மாத்திரை, இரவில் எத்தனை என்பதோடு நம் ஆராய்ச்சி முடிந்து விடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டின் தலைப்பில் நோயின் பெயர் எழுதப்பட்டிருப்பதையும், சில ஆஸ்பத்திரிகளில் அதன் அருகே ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த குறி ஒன்று காணப்படுவதையும் நாம் பொருட்படுத்துவதில்லை. டைபாய்டு என்று நாம் இன்று வழங்குவதும், நம் பாட்டிமார் விஷ ஜுரம் என்று அஞ்சியதுமான நோய்க்கு அந்தக் குறி ‘ஏ01.0’. காலராவுக்கு ‘ஏ00’. குஷ்டத்திற்கு ‘ஏ30’. இக்குறிகளைப் பற்றியும், குறிப்பாகப் பாக்டீரியா எனப்படும் நுண்கிருமிகளால் வரும் நோய்கள் எவ்வாறு ஏட்டில் பதியப்படுகின்றன என்பது பற்றியும் இங்கே சிறிது விளக்க விரும்புகிறோம். விஷயம் குமாஸ்தா வேலை போலத் தோன்றலாம். நம் வீட்டில் நேர்ந்த ஓர் அனுபவத்திற்கு முன்பு நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

சர்வதேச நோய் வகைப்பாடு என்று ஒரு பெரிய நூல் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் அதை வெளியிட்டு வருகிறது. மனிதனுக்கு வரக்கூடிய ஒவ்வொரு நோய்க்கும், காயத்திற்கும் அதில் ஒரு குறி ஒதுக்கப்பட்டிருக்கிறது. சென்னையில் ஒரு டாக்டர் எழுதும் பெயரும், சாவோ பாலோவில் மற்றொருவர் எழுதும் பெயரும் வெவ்வேறு மொழியில் இருந்தாலும் குறி ஒன்றாக இருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்கிட முடியும். பத்தாம் பதிப்பு 1990இல் ஏற்கப்பட்டது. பதினோராம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டு, 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வந்தது. எனினும் ஆஸ்பத்திரிகள் ஒரே நாளில் ஏட்டை மாற்றிவிடுவதில்லை. நம் நாட்டில் இன்னும் பெரிதும் பழக்கத்தில் இருப்பது பத்தாம் பதிப்பின் குறிகளே. ஆகவே அவற்றையே இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

இந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது என்பது சுவையான கதை. 1662இல் லண்டனில் ஜான் கிரான்ட் என்ற துணி வியாபாரி, அந்நகரில் வாரந்தோறும் அச்சிடப்பட்ட மரணப் பட்டியல்களைச் சேகரித்து, எந்த நோயால் எத்தனை பேர் இறந்தனர் என்று கூட்டிப் பார்த்தார். பட்டியலில் கண்ட காரணங்களுள் ‘பல்’ என்பதும் ஒன்று; பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகள் இறந்ததை அப்படி எழுதி வைத்தார்கள்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் வில்லியம் ஃபார் என்பவர் இங்கிலாந்தின் மரணக் கணக்கை ஒழுங்குபடுத்தினார். அதன் பின் பாரிஸ் நகரின் புள்ளிவிவர அதிகாரியான ஜாக் பெர்தியோன் தயாரித்த பட்டியல் 1893இல் சிகாகோவில் கூடிய புள்ளிவிவர அறிஞர் மகாநாட்டில் ஏற்கப்பட்டது. இன்றைய நூலின் மூலம் அதுவே. இவருடைய தம்பி அல்போன்ஸ் பெர்தியோன், குற்றவாளிகளின் தலை, கை, கால்களை அளந்து ஆளை அடையாளம் காணும் முறையை வகுத்துப் போலீஸ் உலகில் புகழ் பெற்றவர். அண்ணன் நோய்களுக்கு அடையாளம் தேடினார். தம்பி திருடர்களுக்குத் தேடினார். 1948 முதல் இவ்வேலை உலக சுகாதார ஸ்தாபனத்தின் பொறுப்பாயிற்று.

இதற்கிடையில் மருத்துவ விஞ்ஞானத்தில் ஒரு பெரும் மாறுதல் நேர்ந்துவிட்டது. ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் 1882இல் க்ஷயரோகக் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தார். அடுத்து எகிப்துக்கும், அங்கிருந்து நம் கல்கத்தாவுக்கும் வந்து 1884இல் காலராக் கிருமியை உறுதி செய்தார். அதுவரை ஜுரம், பேதி, இருமல் என்று உடலில் தோன்றும் அறிகுறியே நோயின் பெயராக இருந்தது. இனி, காரணமான கிருமியின் பெயரே நோயின் பெயர் என்றாயிற்று. வகைப்பாட்டு நூலின் முதற் பகுதி கிருமி நோய்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதும், அதன் முதல் வரியில் காலரா நிற்பதும் இந்த மாறுதலைக் காட்டுகின்றன.

இனி, குறி இடுபவரின் மேஜைக்கு வருவோம். ஆஸ்பத்திரிகளில் மருத்துவ ஆவணப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் கீழ்த்தளத்தில், வெளிச்சம் குறைந்த ஓர் அறையில், கூரை வரை கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும். நோயாளி வீடு திரும்பிய பின் அவருடைய கோப்பு அங்கே வந்து சேருகிறது. அங்குள்ள ஊழியர் கோப்பைப் புரட்டி, டாக்டர் எழுதிய முடிவான நோய்ப் பெயருக்கு உரிய குறியை இடுகிறார். அவர் தாமாக எதையும் ஊகிக்கக் கூடாது என்பது இத்தொழிலின் அடிப்படை விதி. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்து அவரே டைபாய்டு என்று முடிவு செய்ய உரிமை இல்லை. டாக்டர் எழுதியதற்கு மட்டுமே குறி உண்டு. டாக்டர் ‘ஜுரம்’ என்று எழுதி நிறுத்திவிட்டால், அது ‘ஆர்50.9’, அதாவது காரணம் குறிப்பிடாத ஜுரம். நோயாளிக்கு வந்தது டைபாய்டாகவே இருந்தாலும் நாட்டின் டைபாய்டுக் கணக்கில் அவர் சேரமாட்டார்.

இதே விதி நுரையீரல் க்ஷயத்தில் எத்தனை நுட்பமாக வேலை செய்கிறது என்று பாருங்கள். கோழையில் கிருமி இருப்பதை மைக்ராஸ்கோப்பில் கண்டு எழுதினால் ‘ஏ15.0’. சோதனை செய்தும் கிருமி அகப்படவில்லை, ஆயினும் க்ஷயம் என்று டாக்டர் தீர்மானித்தால் ‘ஏ16.0’. சோதனையே செய்யவில்லை என்றால் ‘ஏ16.1’. சோதனை செய்ததா இல்லையா என்று ஒன்றுமே எழுதாமல் விட்டால் ‘ஏ16.2’. நான்கு பேருக்கும் நோய் ஒன்று, மருந்தும் ஏறக்குறைய ஒன்று. எழுத்தில் மட்டும் நால்வரும் வேறு வேறு. முதலாமவர் இருமினால் அருகில் இருப்பவருக்கு நோய் தொற்றும் அபாயம் அதிகம். அவருடைய வீட்டாரை உடனே பரிசோதிக்க வேண்டும். நான்காமவரைப் பற்றி எதுவும் சொல்ல இயலாது. ஒரு மாவட்டத்தில் நான்காம் வகை மிகுந்திருந்தால், அங்கே க்ஷயம் மிகுதி என்பதோடு, எழுதும் பழக்கம் குறைவு என்பதும் தெரிய வரும்.

சில கிருமி நோய்களுக்கு இரண்டு குறிகள் தேவைப்படும். சிறுநீர்த் தாரையில் அழற்சி என்றால் ‘என்39.0’, இது நோய் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. காரணம் ஈ. கோலை என்ற குடல்வாழ் கிருமி என்று தெரிந்தால் ‘பி96.2’ என்பதையும் கூட எழுத வேண்டும். வீட்டு விலாசத்தோடு அதில் குடியிருப்பவர் பெயரையும் எழுதுவது போன்றது இது. கிருமி மருந்துக்குக் கட்டுப்படாததாக இருந்தால் அதைச் சொல்லவும் தனிக் குறிகள் உள்ளன. ‘யூ82’ என்பது பெனிசிலின் வகையைச் சேர்ந்த மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமி என்பதற்கு அடையாளம்.

நம் அனுபவம் என்று முன்பு குறிப்பிட்டது இந்த இடத்தில்தான் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் நம் அத்தை ஒருவர் குளிர்காலத்தில் டில்லிக்கு வந்திருந்தார். எழுபது வயதைக் கடந்தவர், நீரிழிவும் உண்டு. ஒரு நாள் இரவு கடுங்குளிரோடு ஜுரம் கண்டு, பேச்சும் குழறத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். முதல் நாளே ரத்தமும் சிறுநீரும் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கப்பட்டன. கல்ச்சர் என்பது, கிருமிக்கு உணவிட்டு அதை வளர்த்துப் பார்த்து இன்ன கிருமி என்று கண்டு, பின்னர் எந்த மருந்துக்கு அது சாகிறது என்றும் சோதிப்பது. இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஆகும். ரத்தத்தில் ஐந்து நாட்கள் வரை காத்திருந்து பார்ப்பதும் உண்டு. அதற்குள் ஊசி மருந்தால் ஜுரம் தணிந்தது. ஐந்தாம் நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘செப்சிஸ்’ என்றும், அடியில் ‘கல்ச்சர் முடிவு எதிர்பார்க்கப்படுகிறது’ என்றும் எழுதியிருந்தது. அந்த அடிவரியை நாம் படிக்கவில்லை.

அத்தை ஊர் திரும்பினார். பத்து நாட்களில் திருச்சியில் மீண்டும் ஜுரம். அங்குள்ள டாக்டர் பையைத் திறந்து எல்லாத் தாள்களையும் மேஜையின் மேல் பரப்பிப் பார்த்துவிட்டு, “என்ன கிருமி என்று டில்லியில் சொன்னார்களா, அம்மா?” என்று கேட்டாராம். “ஜுரம் என்றுதான் சொன்னார்கள், டாக்டர். மற்றதெல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கிறது, நீங்களே பாருங்கள்” என்றார் அத்தை. டாக்டர் டில்லிக்குத் தொலைபேசியில் நம்மிடமே பேசினார். நாம் ஆஸ்பத்திரிக்குச் சென்று மூன்று ஜன்னல்களில் மாறி மாறி நின்ற பிறகு, பரிசோதனைச்சாலையின் ஏட்டில் அந்த முடிவு அகப்பட்டது. அத்தை வீடு திரும்பியதற்கு மறுநாளே அது தயாராகிவிட்டிருந்தது. கிருமி ஈ. கோலை. எழுதிக் கொடுத்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது என்று அதே தாளில் அச்சாகியிருந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பிய அன்று மாலையே திருச்சியில் வேறு மருந்து ஆரம்பித்தார்கள். அத்தை பிழைத்துக் கொண்டார். ஆனால் இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார்.

இதில் யாரையும் நாம் குறை கூற விரும்பவில்லை. வார்டு டாக்டர் செய்த சிகிச்சை முறையானதே. கட்டிலுக்காக வெளியே பத்துப் பேர் காத்திருந்தார்கள். பரிசோதனைச்சாலையும் தன் வேலையைச் சரியாகச் செய்தது. முடிவு வந்தபோது கோப்பு மூடப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். அத்தையின் கோப்பு இன்றும் ‘ஏ41.9’ என்ற குறியோடு, அதாவது கிருமி இன்னதென்று குறிப்பிடாத செப்சிஸ் என்று, அடுக்கில் இருக்கும். கல்ச்சர் முடிவை டாக்டர் கோப்பில் சேர்த்திருந்தால் அது ‘ஏ41.5’ ஆகியிருக்கும், மருந்தை எதிர்த்த விவரமும் உடன் ஏறியிருக்கும்.

ஒரு கோப்பில் விடுபட்டால் என்ன என்று கேட்கலாம். டில்லியிலேயே இதற்கு விடை இருக்கிறது. 1995, 1996ஆம் ஆண்டுகளில் தெற்கு டில்லியில் கால்காஜியின் எளிய மக்கள் வாழும் பகுதி ஒன்றில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. சுமார் 8,000 பேரை ஓராண்டு காலம் ஊழியர்கள் வீடு வீடாக வாரம் இருமுறை சென்று பார்த்தார்கள். ஜுரம் கண்டவரிடம் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்தார்கள். டைபாய்டு பள்ளிக்குச் செல்லும் வயதினருக்கும் இளைஞருக்கும் உரிய நோய், சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு அரிது என்பதே அதுகாறும் நிலவிய கருத்து. பாடப்புத்தகங்களும் அவ்வாறே கூறின. 1999இல் வெளியான ஆராய்ச்சி முடிவோ வேறு விதமாக இருந்தது. ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 1,000க்கு 27 பேர் வீதம் டைபாய்டு கண்டது. ஐந்து வயதிற்கு மேல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் அது 1,000க்கு 12க்கும் குறைவு.

அந்தக் குழந்தைகளுக்கு அந்த ஆண்டில் புதிதாக நோய் வந்துவிடவில்லை. அதற்கு முன்பும் வந்து கொண்டுதான் இருந்திருக்கும். குழந்தைக்கு ஜுரம் என்றால் யாரும் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் செய்வதில்லை. சளி, பல், மாந்தம் என்று ஏதோ ஒரு பெயரில் அது போய்விடும். பெயர் எழுதப்படாததால் நோய் இல்லை என்று எண்ணப்பட்டது. அக்காலத்து டைபாய்டுத் தடுப்பூசிகள் இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படாதவை. அதைப் பற்றியும் பெரிதாக யாரும் கவலைப்படவில்லை. கால்காஜிக் கணக்கும் அதை ஒத்த பிற கணக்குகளும் வந்த பின் கவலை பிறந்தது. ஆறு மாதக் குழந்தைக்கும் போடத்தக்க புதுவகை டைபாய்டு ஊசியை உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் பரிந்துரை செய்தது.

டைபாய்டைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நம்மவர் பலர் ‘வைடால்’ பரிசோதனை ஒன்று செய்துகொண்டு, டைபாய்டு என்று தாமே தீர்மானித்து விடுகிறார்கள். விடால் என்ற பிரெஞ்சு டாக்டர் 1896இல் கண்ட முறை அது. முன்பு எப்போதோ வந்த டைபாய்டும், வேறு சில ஜுரங்களும்கூட அதில் நோய் இருப்பதாகக் காட்டிவிடும். நம் நாட்டில் அதை மட்டும் நம்பி எழுதும் பெயர் பல வேளைகளில் தவறான பெயராக முடிகிறது. பெயர் இல்லாததை விடத் தவறான பெயர் ஒருவகையில் மோசம் என்றே நாம் கருதுகிறோம். அதற்குமேல் யாரும் தேடுவதில்லையே. மருந்து தொடங்குமுன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுப்பதே சரியான வழி.

டில்லியின் பெயர் கிருமி உலகில் வேறொரு விதமாகவும் அடிபட்டது. டில்லி ஆஸ்பத்திரி ஒன்றில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒருவரின் உடலில், மிக உயர்ந்த மருந்துகளையும் அழிக்கவல்ல ஒரு பொருளைச் சுரக்கும் கிருமி காணப்பட்டது. அப்பொருளுக்கு 2009இல் ‘நியூ டெல்லி மெட்டலோ பீட்டா லாக்டமேஸ்’ என்று பெயரிட்டார்கள். 2010இல் இது குறித்து வெளியான விரிவான ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் இங்கிலாந்திலும் பாகிஸ்தானிலும் சேகரித்த கிருமிகள் அதில் ஆராயப்பட்டன. ஒரு நகரத்தின் பெயரை இப்படிச் சூட்டலாமா என்று இந்தியாவில் பெரும் கண்டனம் எழுந்தது. கட்டுரையை வெளியிட்ட மருத்துவ ஏட்டுக் குழுமத்தின் முதன்மை ஏட்டின் ஆசிரியரே 2011இல் அதற்கு வருத்தம் தெரிவித்தார். புதிய நோய்களுக்கு ஊர்ப் பெயரை வைக்கலாகாது என்று 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் நெறி வகுத்தது. கண்டனம் நியாயமானதே. ஆனால் பெயரைப் பற்றிய சச்சரவில், கிருமியைப் பற்றிய பேச்சு சற்று அமுங்கிப் போயிற்று என்பதும் உண்மை. டில்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் அனுமதிக்கப்பட்ட 13,530 பச்சிளங் குழந்தைகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, 100க்கு 14 குழந்தைகளுக்குச் செப்சிஸ் கண்டிருந்தது. காரணமான கிருமிகளில் பெரும்பகுதி பல மருந்துகளுக்கும் அடங்காதவை. குழந்தைக்குக் குழந்தை கல்ச்சர் செய்து எழுதி வைத்ததால் தெரிய வந்த செய்தி இது.

மரணத்தைப் பதியும் முறைக்கு வருவோம். துயரமான விஷயமாயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்தால், மரணக் காரணத்தை டாக்டர் ஒரு படிவத்தில் எழுதுகிறார். அதில் மூன்று வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக உள்ளன. உடனடிக் காரணம் முதல் வரியில். அதற்குக் காரணமானது இரண்டாவதில். எல்லாவற்றிற்கும் ஆதியான நோய் மூன்றாவதில். உதாரணமாக, டைபாய்டால் குடலில் துளை விழுந்து, அதனால் வயிற்றுறை அழற்சி கண்டு ஒருவர் இறக்கிறார். அழற்சி, துளை, டைபாய்டு என்று மூன்றையும் வரிசையாக எழுதினால் கணக்கில் ஏறுவது ஆதி காரணமான டைபாய்டு. முதல் வரியோடு நிறுத்தினால் அது வயிற்று நோய் மரணம். ‘இருதயம் நின்றது’ என்று மட்டும் எழுதினால் அது எதையும் சொல்வதாகாது. இறக்கும் எவருக்கும் இருதயம் நிற்கத்தான் செய்யும். இறக்கும் விதத்தை எழுதாதீர், நோயை எழுதுக என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. ஆயினும் அந்தச் சொற்கள் இன்றும் ஏராளமான படிவங்களில் காணப்படுகின்றன. 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, நம் நாட்டில் பதிவான மரணங்களில் டாக்டரின் காரணச் சான்று பெற்றவை 100க்கு 22.5 மட்டுமே. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. 2023இல் அதைத் திருத்தியபோது, ஆஸ்பத்திரியில் நேரும் மரணத்திற்குக் காரணச் சான்று இலவசமாகத் தரப்பட வேண்டும், அதன் பிரதி நெருங்கிய உறவினருக்கும் கொடுக்கப்பட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். வெளி மாநிலத்தில் உறவினரை இழந்து, காரியங்களுக்காக அவசரமாக ஊர் புறப்படும் நம்மவர் இந்தப் பிரதியைக் கேட்டுப் பெற மறந்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. மருத்துவக் குறியிடும் தொழில் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் பல்லாயிரம் இளைஞர்களுக்குப் பிழைப்பு அளித்து வருகிறது. நேயர்களில் பலருடைய தம்பியோ மருமகளோ அதில் வேலை செய்யக்கூடும். அவர்கள் குறியிடுவதோ பெரும்பாலும் அமெரிக்க நோயாளிகளுக்கு. அங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருவது குறியைப் பார்த்துத்தான். ஆகவே டெக்ஸாஸில் ஒரு முதியவரின் சிறுநீர்க் கிருமி எதுவென்று எழுதாமற் போனால், டாக்டருக்குக் கேள்வி அனுப்பி விடை வாங்கிவிடுகிறார்கள். பணத்தோடு பிணைந்த கணக்கில் நோயை மிகைப்படுத்தி எழுதும் தீமையும் உண்டு. அமெரிக்காவில் அது ஓயாத வழக்கு. எனினும், குறியிடும் வித்தையில் தேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தி முன்பின் காணாத அந்த முதியவருக்குச் செய்யும் உபகாரம், அவளுடைய சொந்த அத்தைக்கு டில்லியில் கிடைக்கவில்லை என்பதை எண்ணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நம் நாட்டிலும் முயற்சி இல்லாமல் இல்லை. 1961இல் டில்லியில் அமைக்கப்பட்ட மத்திய சுகாதாரத் தகவல் நிறுவனம் இத்துறையில் பயிற்சி அளித்து வருகிறது. மருத்துவ ஆவணப் பயிற்சிக்குச் சப்தர்ஜங் ஆஸ்பத்திரி ஒரு கேந்திரம். புதுச்சேரி ஜிப்மர் மற்றொன்று. பதினோராம் பதிப்பில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் நோய்ப் பெயர்களுக்கும் குறிகள் வகுத்து, 2024 ஜனவரியில் டில்லியில் வெளியிட்டார்கள். சித்த வைத்தியர்கள் வழிவழியாகச் சொல்லி வந்த பெயர்கள் சர்வதேச ஏட்டில் ஏறியது நமக்கு மகிழ்ச்சியே.

க்ஷயரோக விஷயத்தில் ஏற்பாடு எல்லாவற்றையும் விட மேலானது. 2012 முதல் ஒவ்வொரு க்ஷய நோயாளியையும், தனியார் டாக்டரிடம் சிகிச்சை பெறுபவர் உட்பட, அரசாங்கத்திற்குத் தெரிவித்தாக வேண்டும். ‘நிக்ஷய்’ என்ற பதிவேட்டில் அவருக்கு ஓர் எண் கிடைக்கிறது. டில்லியில் சிகிச்சை தொடங்கியவர் நடுவில் விழுப்புரத்திற்கோ தென்காசிக்கோ செல்ல நேர்ந்தால், அந்த எண்ணைக் கொண்டு அவருடைய சிகிச்சையை அங்குள்ள நிலையத்திற்கு மாற்றிக் கொள்ளலாம். சிகிச்சைக் காலத்தில் போஷாக்குக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித் தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஊருக்குப் போனால் மருந்து நின்றுவிடுமே என்று வேலையிடத்திலேயே தங்கி வருந்துபவர்களையும், சொல்லாமல் புறப்பட்டு இடையில் மருந்தை நிறுத்தி நோயை முற்றவிட்டுக் கொள்பவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். கட்டிட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்துள்ள நம் மக்களுக்கு இச்செய்தியை நேயர்கள் எடுத்துச் சொன்னால் நலம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய வேறொரு கடமையும் இருக்கிறது. ஜுரம் என்று டாக்டரிடம் போகும்போது, சமீபத்தில் ஊருக்குப் போய் வந்ததைச் சொல்ல வேண்டும். மழைக்காலத்திலும் அதை அடுத்தும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஸ்க்ரப் டைபஸ் என்ற ஜுரம் காண்கிறது. புதர்களில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது அது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கரும்புண் சிலருக்கு இருக்கும். இடுப்பு, அக்குள் போன்ற மறைவிடமாதலால் கண்ணில் படாது. சாதாரணமாகத் தரும் பல கிருமிநாசினி மருந்துகளுக்கு அது மசிவதில்லை; உரிய மருந்து கொடுத்தாலோ இரண்டு நாளில் தணிந்துவிடும். வயல் வேலைக்கும் கோயில் கொடைக்கும் போய் வந்ததை நாம் சொன்னால்தான் டில்லி டாக்டருக்கு அந்த நினைவு எழும். அதற்கும் குறி இருக்கிறது: ‘ஏ75.3’.

ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது என்ன செய்வது? டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் வாங்கியதும், ‘எதிர்பார்க்கப்படுகிறது’ என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கல்ச்சருக்கு அனுப்பிய நாளையும் பரிசோதனைச்சாலை எண்ணையும் அதன் பக்கத்திலேயே எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். என்றைக்கு, எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்பதையும் அப்போதே விசாரியுங்கள். மீண்டும் அங்கே போய் முடிவை வாங்கும்போது அதை டாக்டரிடம் காட்டி, நோயின் பெயரைத் திருத்தி எழுத முடியுமா என்று மரியாதையோடு கேட்கலாம். பெரும்பாலான டாக்டர்கள் மறுப்பதில்லை. கோப்பின் பிரதி வேண்டுமென்று நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ விண்ணப்பித்தால் 72 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. உள்நோயாளியின் கோப்பைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்றாண்டுகள் காக்க வேண்டும் என்றும் அதே விதி கூறுகிறது. மூன்றாண்டுக்குப் பின் அது இருக்கும் என்று உறுதி கூற முடியாது. ஆகவே விண்ணப்பத்தைத் தள்ளிப் போடாமல் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது.